வெள்ளைப் புள்ளியா, கறுப்புப் புள்ளியா?

அன்புள்ள ஐயா,

திருவாரூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நண்பர்கள் சேர்ந்தால் சினிமாதான் பேச்சு. ஜனவரி வந்தால் ‘ஆஸ்கர் பட்டியலில் தமிழ்ப் படம்’ என்று செய்தி வருகிறது. அப்புறம் நாமினேஷனில் பெயர் இருப்பதில்லை. இது வேண்டுமென்றே செய்யும் புறக்கணிப்பு என்கிறேன் நான். அடுத்து, பழைய நல்ல படங்களை ரீமேக் செய்யக் கிளம்புகிறவர்களைத் தடுக்கச் சட்டமே வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இனி வரப்போகும் படங்களில் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

சமீபத்தில் ஒரு பழைய படத்தின் 4கே மறுவெளியீட்டுக்குப் போனோம். முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி இருந்தது. நாகஸ்வரம் நாகஸ்வரமாகவே கேட்கவில்லை. மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். என் காதுதான் சரியில்லையோ என்னவோ.

க.

அன்புள்ள தம்பி,

உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை. கோயிலில் நேரில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காது அது, அதை நம்புங்கள். பெரிய கேள்விகள் மூன்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதிய அந்த நாலு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

முதலில் ஆஸ்கரை முடித்துவிடுகிறேன். இதில் உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஜனவரியில் செய்தியாவது நாமினேஷன் பட்டியல் இல்லை, போட்டிக்குத் தகுதி பெற்ற படங்களின் பட்டியல். 40 நிமிடத்துக்கு மேற்பட்ட படம் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரம், சிகாகோ, டாலஸ், அட்லாண்டா ஆகிய ஆறு இடங்களில் ஏதாவது ஒன்றில் தொடர்ந்து ஏழு நாள் ஓட வேண்டும். நாளுக்கு மூன்று காட்சி, அதில் ஒன்று மாலை 6 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில். டிக்கெட் விற்று இப்படி ஓட்டி, விண்ணப்பத்தைக் கெடுவுக்குள் கொடுத்தால் பெயர் ஏறிவிடும். 2021ல் ‘சூரரைப் போற்று’ இருந்த பட்டியலில் 366 படங்கள் இருந்தன. 2022ல் ‘ஜெய் பீம்’ 276ல் ஒன்று. 2025ல் ‘கங்குவா’ 323ல் ஒன்று. இதை யாரோ தேர்ந்தெடுத்த பெருமை போல நம் ஊடகம் எழுதுகிறது, நீங்களும் நம்பிப் பகிர்கிறீர்கள், பிறகு ஏமாற்றிவிட்டார்கள் என்று அழுகிறீர்கள். படிக்கிற பிள்ளை, ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியின் விதிகளை ஒரு தடவை வாசிக்கக்கூடாதா?

இன்னொரு வழி, சர்வதேசப் படப் பிரிவுக்கு நாடு அனுப்பும் ஒரே ஒரு படம். அதை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் குழு தேர்ந்தெடுக்கிறது. 1969ன் ‘தெய்வமகன்’ தொடங்கி 2021ன் ‘கூழாங்கல்’ வரை தமிழ்ப் படங்கள் போயிருக்கின்றன. எதுவும் இறுதி ஐந்தில் வரவில்லை. இந்தியா முழுவதற்குமே அந்தப் பிரிவில் மூன்று நாமினேஷன்தான்: ‘மதர் இந்தியா’, ‘சலாம் பாம்பே’, ‘லகான்’. அதே நேரத்தில் முதுமலை யானை முகாமில் எடுக்கப்பட்டு, தமிழ் பேசிய ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023ல் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. உங்கள் புறக்கணிப்புக் கணக்கில் அதை எங்கே வைத்தீர்கள்? நாயகன் இல்லாத படம் என்பதால் மறந்துபோனதா?

வரப்போகும் படங்கள் வரட்டும், வந்தபின் பார்ப்போம். இப்போது ரீமேக்.

சட்டமெல்லாம் வேண்டாம். மோசமான ரீமேக் ஒன்று வந்தால் இரண்டு வாரத்தில் அது போய்விடும். மூலப்படத்தின் ஒரு ஃபிரேமைக்கூட அதனால் தொட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் புதிதாக வரைந்தார்கள். அடியில் சோழர் ஓவியம் அப்படியே இருந்ததால்தான் 1931ல் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. சினிமாவில் மேலே எத்தனை பூசினாலும் பயமில்லை. அடியில் இருக்கவேண்டிய நெகட்டிவ், கேமராவில் ஓடிய மூலச் சுருள், இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை ரசிகர்கள் யாருமே கேட்பதில்லை. அதே 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. நாயகி நம் திருவையாற்றுக்காரர் டி.பி. ராஜலட்சுமி, பின்னால் தமிழில் படம் இயக்கிய முதல் பெண். அந்தப் படத்தின் ஒரு சுருள்கூட இன்று இல்லை. எந்த ரீமேக் அதை அழித்தது?

படச்சுருள் எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1950களின் தொடக்கம் வரை இருந்தவை நைட்ரேட் சுருள்கள், சுலபமாகத் தீப்பற்றும். அதற்குப் பின் வந்த அசிடேட் சுலபமாகத் தீப்பற்றாது, ஆனால் வெப்பத்திலும் ஈரத்திலும் அசிட்டிக் அமிலத்தைக் கக்கும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். வெளியேறிய அமிலமே சிதைவை மேலும் விரட்டும், பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். சுருள் சுருங்கும், நெளியும், ஓரத்துத் துளைகள் இயந்திரப் பல்லுக்குப் பொருந்தாமல் போகும். கலர்ப் படம் என்றால் நீலச்சாயம் முதலில் வெளிறி, படம் முழுக்க இளஞ்சிவப்பாகும். இதைத் தடுக்கக் குளிரும் வறட்சியும் வேண்டும். கறுப்பு வெள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி, கலருக்கு அதைவிட வெகு குறைவு, காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு முப்பது நாற்பது. நம் ஐப்பசி கார்த்திகையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஃபிலிம் கழுவிப் பிரதியெடுத்த லேப்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, வாடகை கட்டாத தயாரிப்பாளர்களின் நெகட்டிவ்கள் எங்கெங்கோ போயின. அதற்கு முன்பே கறுப்பு வெள்ளைச் சுருள்களை வெள்ளி எடுப்பதற்காகக் கரைத்தவர்கள் உண்டு.

இனி நீங்கள் பார்த்த மெழுகு முகம். மீட்டெடுப்பு என்பது என்ன? 160 நிமிடப் படம் என்றால் 14,400 அடி, கிட்டத்தட்ட 15 ரீல், 2,30,400 ஃபிரேம். முதலில் ஒவ்வொரு அடியையும் கையால் பார்த்து, கிழிந்த துளைகளையும் பழைய ஒட்டுகளையும் சரிசெய்ய வேண்டும். பிறகு சுத்தம் செய்து ஸ்கேன். நல்ல இடங்களில் சுருளை ஒரு திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வார்கள். அந்தத் திரவம் அடித்தளத்துக் கீறல்களை நிரப்பி ஒளியை நேராகப் போகவிடுவதால் பாதிக் கோடுகள் அங்கேயே மறையும். 4கே, அதாவது குறுக்கே சுமார் நாலாயிரம் புள்ளி பதியும் ஸ்கேனில் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 50 மெகாபைட், மொத்தப் படம் 11 டெராபைட்டைத் தாண்டும். அதன்பின் மாதக்கணக்கில் ஃபிரேம் ஃபிரேமாகத் தூசு, நடுக்கம், மினுக்கல் நீக்கும் வேலை. செலவு அதிகம். அதனால் பலர் செய்வது வேறு. தியேட்டரில் ஓடித் தேய்ந்த நகலான பிரிண்டையோ தொலைக்காட்சிக்கு எடுத்த பழைய வீடியோவையோ வைத்துக்கொண்டு, மென்பொருளில் பெரிதாக்கி, ஃபிலிமுக்கே உரிய நுண்துகளை (கிரெய்ன்) வழித்துவிட்டு ‘4கே’ என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஃபிலிமில் தோலின் நுண்மையும் துணியின் இழையும் அந்தத் துகளில்தான் இருக்கின்றன. அதை வழித்தால் தோலும் போய்விடும். மேலும், உங்கள் தியேட்டரில் இருப்பது 2கே புரொஜெக்டர் என்றால் 4கே என்ற எழுத்து போஸ்டரோடு சரி.

எதிலிருந்து எடுத்தார்கள் என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது நெகட்டிவில் இருந்த தூசு. கறுப்புப் புள்ளியும் கறுப்புக் கோடும் தெரிந்தால் பிரிண்டில் படிந்த அழுக்கு. ரீல் முடியும் இடங்களில் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னி, ஏழெட்டு நொடி கழித்து இன்னொன்று மின்னினால், அது ஆபரேட்டர் அடுத்த மெஷினுக்கு மாற்றுவதற்கான அடையாளம். பெரும்பாலும் தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்தது என்று பொருள். ட்ரெய்லரை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி ஆராயும் பொறுமை உங்கள் தலைமுறைக்கு இருக்கிறதே, அதை இங்கே செலவிடுங்கள்.

நாகஸ்வரத்துக்கு வருகிறேன். பழைய படத்தின் ஒலி சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்திருக்கும், ஒரே தடம். அதில் இரைச்சல் இருக்கும். அதே உயர் அதிர்வெண்களில்தான் நாகஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளியின் கூர்மையும், தவிலில் கூடு மாட்டிய விரல் விழும் அடியின் முனையும் இருக்கின்றன. இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டினால் இவையும் சேர்ந்து போகும். மிச்சம் இருப்பது தண்ணீருக்குள் ஊதுகிற மாதிரியான ஒரு சத்தம். அதையும் ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்துப் போட்டு, புதிதாகக் காலடியும் காற்றும் சேர்த்து ‘5.1’ என்கிறார்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து ஊதிப்பார்த்துச் சரிசெய்பவருக்கும், திருவாவடுதுறையில் நாணலைப் பதப்படுத்திச் சீவாளி கட்டுபவருக்கும் தெரிந்த நாதம் இது. உங்களுக்கும் தெரிந்தது. மற்றவர் கைதட்டினார்கள் என்பதற்காகச் சந்தேகப்படாதீர்கள்.

தாளம் தவறுவதும் இதில் சேர்ந்ததுதான். பிரிண்ட் அறுந்தால் சில ஃபிரேம்களை வெட்டி ஒட்டுவார்கள். நொடிக்கு 24 ஃபிரேம், 6 போனால் கால் நொடி. பேச்சில் அது தெரியாது. ஜதியில் அடி இடறும். அதுவுமில்லாமல் ஒலி தன் படத்துக்குச் சுமார் 20 ஃபிரேம் முன்னால் பதிந்திருப்பதால், ஒரே வெட்டில் படம் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் துண்டாகும். இன்னொரு பிரிண்டைத் தேடிப்பிடித்து அந்த ஃபிரேம்களை நிரப்புவதுதான் சரியான வழி. அடுத்த கொடுமை, பழைய சதுர வாக்குப் படத்தைச் சினிமாஸ்கோப் ஆக்குவது. உயரத்துக்கு அகலம் 1.37 என்ற விகிதத்தை 2.35 ஆக்க மேலும் கீழும் வெட்டினால் படத்தில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் காணாமல் போகும். ஆடுகிறவளின் பாதம் இல்லாத பரதநாட்டியத்தை ‘நவீனத் தொழில்நுட்பத்தில்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். இதைப் பார்த்து விசிலடிப்பவர்கள் ரீமேக்கைப் பற்றி மூச்சுவிடக் கூடாது.

நீங்கள் திட்டும் அதே ஆஸ்கர் அகாடமியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1992ல் சத்யஜித் ராய்க்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 1993ல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்தபோது அவருடைய அப்பு வரிசைப் படங்களின் மூல நெகட்டிவ்கள் எரிந்தன. கருகி ஒட்டிப்போன மிச்சத்தை அகாடமியின் காப்பகம் தூக்கியெறியாமல் வைத்திருந்தது. இருபது ஆண்டு கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் அந்தச் சுருள்களுக்கு மீண்டும் ஈரமேற்றி, பிரித்து, துளைகளைக் கட்டி ஸ்கேன் செய்தார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் நூற்றுக்கு 40 பங்கும் ‘அபராஜிதோ’வில் 60க்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே கிடைத்தது. மீதிக்கு வேறு பிரதிகள். 2015ல் படங்கள் திரைக்கு வந்தன. ஒரு நாமினேஷனைவிட ஒரு படத்துக்கு இது பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

உங்களால் ஆவது உண்டு. மறுவெளியீடு அறிவித்தால் நாலு விஷயம் கேட்டு எழுதுங்கள்: மூலம் நெகட்டிவா பிரிண்டா, விகிதம் மாற்றினீர்களா, மூல ஒற்றைத் தட ஒலி இருக்கிறதா, ஸ்கேன் செய்த கோப்புகள் எங்கே பத்திரமாக இருக்கின்றன. நூறு பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டிடி ஏரியா என்று விநியோகத்தில் சொல்லும் திருச்சி தஞ்சாவூர் வட்டாரத்தில் மூடிக்கிடக்கும் தியேட்டர்கள் எத்தனை, ஓய்வுபெற்ற ஆபரேட்டர்கள் எத்தனை பேர். கோயில் திருவிழாவுக்கு ஊர் ஊராகக் காட்டிய 16 எம்எம் பிரிண்ட்கூட ஒரு படத்தின் கடைசிப் பிரதியாக இருக்கலாம். நண்பர்களோடு போய் விசாரியுங்கள். பெட்டி கிடைத்தால் புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்காதீர்கள், சுருங்கிய சுருள் கிழிந்துவிடும். டப்பாவின் லேபிளைப் புகைப்படம் எடுங்கள். சுருளின் ஓரத்தில் ‘சேஃப்டி’ (சுலபமாகத் தீப்பற்றாத வகை) என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறதா, ‘நைட்ரேட்’ என்றிருக்கிறதா பாருங்கள். வினிகர் நெடி அடிப்பதைத் தனியே, காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாமல் வையுங்கள். பாலித்தீன் பையில் கட்டாதீர்கள். பூஞ்சை இருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பட அடுக்கே கையோடு வரும். வெள்ளத்தில் நனைந்த சுருளைக் காயப்போடக் கூடாது, காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியபடியே சீக்கிரம் லேபுக்குப் போகவேண்டும். புனேயில் 1964 முதல் இருக்கும் தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் புகைப்படங்களோடு எழுதுங்கள். நைட்ரேட் என்று சந்தேகம் வந்தால் தபாலிலோ பஸ்ஸிலோ அனுப்பிவிடாதீர்கள், அடுப்பங்கரைப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை வெளித் திண்ணையில், வெயில் படாமல் இருக்கட்டும்.

அன்புடன்