செக்ரோலில் 32 சதம்: பெண் கூலியா, பிள்ளைக் கூலியா?

உங்கள் தாத்தாவின் பெயருக்கு நேரே தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலைக்கு வந்த நாளும் கூலியும் பதியும் ஏட்டில், 32 சதம் இருப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பிள்ளைக் கூலிதான். 1929இல் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வைத்த குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. அட்டன் பக்கத் தோட்டம் என்றீர்களே, உங்கள் தாத்தாவின் 32 அப்படியே பொருந்துகிறது.

அரைப்பேராக, அதாவது அரைநாள் கூலியாக, இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு இடிக்கும்: 54இல் பாதி 27தான். ஒரு மாதம் முழுக்கப் பாருங்கள். நாள் தவறாமல் 32 விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் இதே எண்களை 1930களின் ஏடுகளில் தேடாதீர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் கூலியைக் குறைத்துவிட்டார்கள். வயதையும் செக்ரோலை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிறப்புப் பதிவைப் பாருங்கள். 1927 சட்டம் பத்து வயதுக்குக் கீழே வேலை கூடாது என்றது. அதனால் வயதைக் கூட்டிச் சொல்லவும் காரணம் இருந்தது. என் அப்பாயியின் வயதே வீட்டில் ஆளுக்கு ஒன்று!

அப்புறம், பாடசாலைக் கண்காட்சிக்கு எடுத்து வைத்திருக்கும் கண்ணாடி ஆலைச் சிறுவர்கள் படம். அது 1908இல் அமெரிக்காவின் இந்தியானாவில் லூயிஸ் ஹைன் எடுத்தது. நடுநிசி வேலை, உலைச் சூடு, கொதிக்கும் போத்தல்கள். தாத்தா தேயிலைக் கொழுந்துக் காட்டில் நின்றவர். இரண்டையும் பக்கத்தில் வையுங்கள், ஆனால் ஊரும் ஆண்டும் கீழே எழுதிவிடுங்கள்.