Re: ஆகஸ்ட்ல ஜப்பான் டூர், அம்மா சுத்த சைவம்

பத்து பேர் குரூப்புல கியோட்டோ போறோம், டூர்காரங்க மிசோ சூப் (புளிக்க வெச்ச சோயா விழுதுல பண்றது) சைவம்தான்னு சொல்றாங்க, அம்மா குடிக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அப்படியே நம்பிடாதீங்க. அதுல சேக்குற தாஷி பெரும்பாலும் காய்ஞ்ச மீன்ல எடுத்த சாறு, சோபா நூடுல்ஸ் தொட்டுக்குற சாஸ்லயும் அதேதான், கறித்துண்டு இல்லைன்னாலே சைவம்னு நெனச்சுக்குறவங்க அங்க நெறைய பேர் (வேணும்னு ஏமாத்துறதில்ல). சின்ன குரூப்தானே, இப்பவே பேசி ஒரு ராத்திரி கோயாசான் மலைல புத்த கோயில்ல தங்க வைக்க முடியுமான்னு கேளுங்க, அங்க குடுக்குற ஷோஜின் ரியோரி சாப்பாட்டுல மீனும் கிடையாது பூண்டு வெங்காயமும் கிடையாது, சுமார் 800 மீட்டர் உயரம்ங்கறதால கியோட்டோ புழுக்கத்துலேருந்தும் அம்மா கொஞ்சம் தப்பிக்கலாம். அப்புறம் ஆகஸ்ட் நடுவுல ஓபோன், அதாவது முன்னோர்கள நெனச்சு கொண்டாடுற பண்டிகை, ஊருக்குப் போறவங்களால ரயில்ல எல்லாம் கூட்டம் அள்ளும், முடிஞ்சா தேதிய தள்ளிப் போடுங்க. 16ஆம் தேதி ராத்திரி கியோட்டோ மலைகள்ல தீ மூட்டுற கோசான் ஒகுரிபி பாத்தே ஆகணும்னா மட்டும் கூட்டத்த பொறுத்துக்கத்தான் வேணும்.