பெல்ஜியம் பீரை ருசித்து ஒப்பிடுவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து, கடையில் கண்ணில் பட்ட எட்டு வகை பாட்டில்களை வாங்கி வந்தோம். நான்காவதைத் தாண்டியதும் எல்லாம் ஒரே ருசியாகத் தெரிந்தது. எங்கே தவறு?
– ஆய்வு மாணவர், லூவென்

முதல் தவறு அளவில். 5 சதவீத லாகர் (எங்கும் கிடைக்கும் வழக்கமான வெளிர் பீர்) 330 மி.லி. பாட்டிலில் ஏறக்குறைய 13 கிராம் ஆல்கஹால் இருக்கும். அதே அளவுள்ள ‘ரோஷ்ஃபோர் 10’ என்ற பெல்ஜியம் பீர் பாட்டில் ஒன்றில் (11.3 சதவீதம்) 29 கிராம். பெல்ஜியம் பீர்களை லாகர் கணக்கில் குடித்தால் நாக்குக்கு முன்பே மூளை களைத்துவிடும். ஆளுக்கு 60 மி.லி. ஊற்றுங்கள், மோந்து பார்க்கவும் மூன்று வாய் குடிக்கவும் அது போதும். ஐந்து பேருக்கு 300 மி.லி. போக, பாட்டிலின் அடியில் மிஞ்சுகிற 30 மி.லி.தான் ஈஸ்ட் வண்டல். கணக்கு சரியாக வரும். ஓர் அமர்வில் ஐந்து வகைக்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது தவறு தேர்வில். எட்டும் எட்டு ஜாதி என்றால் எதை எதோடு ஒப்பிடுவது? ஒரே ஒரு வேறுபாட்டை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பொதுவாக்குங்கள். ஒரே ஆலையின் ரோஷ்ஃபோர் 6, 8, 10 மூன்றையும் எடுத்தால் (7.5, 9.2, 11.3 சதவீதம்) செறிவு ஏற ஏற என்ன மாறுகிறது என்று பிடிபடும். ஒரே வகை (டிரிப்பெல் என்ற வெளிர்நிற, செறிவான பீர்), வெவ்வேறு ஆலை என்றால் வெஸ்ட்மாலே டிரிப்பெல், வெள்ளை மூடி ஷிமே, டிரிப்பெல் கார்மெலீட் என்று எடுக்கலாம். கார்மெலீட்டில் பார்லியோடு கோதுமையும் ஓட்ஸும் சேர்வதால், வெஸ்ட்மாலே குடித்த கையோடு அதைக் குடித்தால் வாயில் ஒரு வழவழப்பு உடனே தெரியும்.

இன்னொன்று முக்கியம். ஒன்றைக் குடித்து முடித்துவிட்டு அடுத்ததைத் திறக்காதீர்கள். வாசனையை நினைவில் வைத்துக்கொள்வதில் நாம் எல்லோருமே மோசம். மூன்றையும் ஒரே நேரத்தில் ஊற்றி, மாறி மாறி மோந்து பாருங்கள். கோப்பையை உள்ளங்கையால் மூடி ஒரு சுழற்று, கையை எடுத்து இரண்டு குட்டி மூச்சு. வாயில் வைத்து விழுங்கியபின் பத்துப் பதினைந்து விநாடி பேசாமல் இருங்கள். கசப்பு அப்போதுதான் முழுதாக மேலே வரும். தாளில் எழுதிய பிறகே வாய் திறக்க வேண்டும். ஒருவர் ‘வாழைப்பழம்’ என்று சொல்லிவிட்டால் மற்ற நால்வர் மூக்கிலும் வாழைப்பழம் ஏறிவிடும்.

அந்த வாழைப்பழ வாசம் உண்மைதான். ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாகும் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர் (வாசனைச் சேர்மம்) அது. கிராம்பு வாசமும் பெரும்பாலும் ஈஸ்ட் தருவதே. டுப்பெல் என்ற கருநிற வகையில் வரும் உலர்ந்த திராட்சை, அத்திப்பழச் சுவைக்குக் காரணம், கறுக்கக் காய்ச்சிய கான்டி சர்க்கரைப் பாகும் சிறப்பு மால்ட்டுகளும் (முளைகட்டி உலர்த்திய தானியம்). டிரிப்பெலிலும் சர்க்கரை சேர்ப்பார்கள். ஆனால் அது முழுக்க நொதித்துவிடுவதால் 9.5 சதவீதத்திலும் வெஸ்ட்மாலே இனிக்காமல், நாக்கில் கனக்காமல் இறங்குகிறது. ‘சர்க்கரை போட்டால் இனிக்கும்’ என்று நினைப்பவர்கள் ஒருமுறை குடித்துப் பார்க்க வேண்டும்.

வெப்பநிலை: டிரிப்பெலுக்கு 8–10 டிகிரி, கறுப்பு வகைகளுக்கு 12–14. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து முன்னதற்கு இருபது நிமிடம், பின்னதற்கு நாற்பது நிமிடம் வெளியே வையுங்கள். 4 டிகிரியில் குடித்தால் ரோஷ்ஃபோரின் பாதி வாசம் வெளியே வராது. இடையிடையே சாதாரணத் தண்ணீர், உப்பில்லாத ரொட்டி, அவ்வளவே.

பிரஸ்ஸல்ஸ் பல்பொருள் அங்காடியில் லெஃப் பாட்டிலிலும் மடாலயப் படம் இருக்கிறது, ஷிமேயிலும் மடாலயப் பெயர் இருக்கிறது. இரண்டும் துறவிகள் காய்ச்சுவதுதானா?
– வாசகி, பிரஸ்ஸல்ஸ்

இல்லை. லெஃப் மடாலயப் பெயரைத் தாங்கிய ‘அபே’ பீர்; ஏபி இன்பெவ் நிறுவனம் லூவெனில் உள்ள பெரிய ஆலையில் காய்ச்சுகிறது. டிராப்பிஸ்ட் (அப்பெயருள்ள கிறிஸ்தவத் துறவியர் சபையின் பீர், ஷிமே அந்த வகை) என்று போட வேண்டுமானால் மடாலய வளாகத்துக்குள் அல்லது அதன் அருகில், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்ச வேண்டும். வருமானம் மடாலயப் பராமரிப்புக்கும் அறப்பணிக்கும் போக வேண்டும். சர்வதேச டிராப்பிஸ்ட் சங்கம் 1997இல் தொடங்கப்பட்டது. பாட்டிலில் அதன் அறுகோண முத்திரையைத் தேடுங்கள். பெல்ஜியத்தில் வெஸ்ட்மாலே, வெஸ்ட்ஃப்லேட்டரன், ஷிமே, ஓர்வால், ரோஷ்ஃபோர் ஆகிய ஐந்துக்கும் அது உண்டு. துறவிகள் போய்விட்டதால் ஆகெல் அதை இழந்தது. யார், எங்கே காய்ச்சியது என்பதற்குத்தான் இந்த முத்திரை சான்று. ருசிக்கு மதிப்பெண் போட உங்கள் நாக்கைத்தான் கேட்க வேண்டும்.

ஓர்வால் இரண்டு கடைகளில் வாங்கினேன். ஒன்றில் பூவும் ஆரஞ்சுத் தோலும் மணந்தது. இன்னொன்றில் பதனிட்ட தோலும் மாட்டுத் தொழுவமுமாக வாசம், சுவையும் வறட்சி. இரண்டாவது கெட்டுப்போனதா?
– வாசகர், லியேஜ்

இரண்டுமே நல்ல பாட்டில்கள். வயதுதான் வேறு.

ஓர்வாலில் இரண்டு விஷயங்கள் ஒரே பாட்டிலுக்குள் நடக்கின்றன. நொதித்தபின், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூக்களைக் கொதிக்க வைக்காமல் பீரிலேயே ஊறப் போடுகிறார்கள். அந்த மணம் நாளாக ஆகக் குறையும். பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள்; அது நாளாக ஆக வேலை செய்யும். சாதாரண ஈஸ்ட் தொட முடியாத நீள் சர்க்கரைகளை இது மெல்லத் தின்பதால் பீர் வறளும், வாயு கூடும், தோலும் தொழுவமுமான வாசம் வரும். ஒன்று இறங்க, மற்றது ஏற, நடுவில் எங்கே பிடிப்பது என்பது உங்கள் விருப்பம்.

பாட்டில் லேபிளில் அடைத்த தேதியும், அதிலிருந்து ஐந்தாண்டு தள்ளிய ‘இதற்குள் குடிக்கவும்’ தேதியும் இருக்கும். அடுத்தமுறை தேதியைப் பார்த்து மூன்று மாதத்துக்கு உட்பட்டது, ஆறேழு மாதமானது, ஒன்றரை வருடமானது என்று மூன்று பாட்டில் சேருங்கள். வாங்கியதும் நிமிர்த்தி, இருட்டில், 12–14 டிகிரியில் வைத்து, ஒரே நாளில் மூன்றையும் ஊற்றுங்கள். பிரெட்டனோமைசஸ் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆறு மாதத்தை ஒட்டிய பாட்டில், கசப்பும் தொழுவமும் தோளோடு தோள் நிற்கும் இடம். எங்கள் தேர்வு அதுதான்.

இதையே எல்லா பீருக்கும் விதியாக்கிவிடாதீர்கள். பிரஸ்ஸல்ஸின் டி லா சென் ஆலையின் தாராஸ் புல்பா (4.5 சதவீதம்), அல்லது எந்தச் சிற்றாலையின் ஐபிஏவானாலும் (ஹாப் மணம் தூக்கலான வகை) புதிதாகவே குடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் கடை அலமாரியில் நின்ற ஐபிஏவில் முதலில் போவது ஹாப் மணம். பின்னால் வருவது தேன் போன்ற மந்தமான இனிப்பும் ஈர அட்டை வாசமும். அது ஆக்சிஜன் செய்யும் வேலை. பாதுகாத்து வைத்துப் பயனில்லை.

டூவெல் பீரை வீட்டில் ஊற்றினால் நுரை அரை நிமிடத்தில் படுத்துவிடுகிறது. அந்தந்த பீருக்கு அதனதன் கோப்பைதான் வேண்டுமா?
– வாசகர், ஆன்ட்வெர்ப்

ஒப்பிடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே வடிவக் கோப்பைதான் வேண்டும். வாய் குறுகிய, டியூலிப் பூ வடிவக் கோப்பை ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும். டூவெலின் சொந்தக் கோப்பையில் அடியில் ஓர் எழுத்து பொறித்திருக்கும். அங்கிருந்து குமிழ் இடைவிடாமல் எழும்பி நுரையைத் தாங்கும். அது நல்ல உதவி, கட்டாயமில்லை.

உங்கள் சிக்கல் எண்ணெய்ப் பசையாகத்தான் இருக்கும். கோப்பையை நனைத்து, உள்ளே உப்பைத் தூவுங்கள். சுத்தமானால் சமமாக ஒட்டும், பசை உள்ள இடத்தில் ஒட்டாது. பீர் ஊற்றியபின் பக்கச் சுவரில் குமிழ்கள் ஒட்டி நின்றாலும் அதே அறிகுறி. சமையல் பாத்திரங்களோடு சேர்க்காமல் தனியாகக் கழுவி, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள். ஊற்றுமுன் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் நுரை கட்டுக்குள் வரும். முதலில் சாய்த்து, முக்கால் நிரம்பியதும் நிமிர்த்தி, அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிட்டு நிறுத்துங்கள். வறுவல் தின்ற உதட்டோடு குடித்தால் எந்தக் கோப்பையிலும் நுரை நிற்காது.

வெஸ்ட்ஃப்லேட்டரன் 12, பெயர்பெற்ற பீர் என்று பல மடங்கு விலை சொல்கிறார்கள். செயின்ட் பெர்னார்டஸ் அப்ட் 12 அதேதான் என்கிறார் நண்பர். எது உண்மை?
– வாசகர், கெண்ட்

உறவு உண்மை, ‘அதேதான்’ என்பது சரியில்லை. வெஸ்ட்ஃப்லேட்டரன் துறவிகள் 1946இல் வாட்டூவில் உள்ள ஆலைக்குத் தங்கள் பீரைக் காய்ச்ச உரிமம் தந்தார்கள். அது 1992இல் முடிந்தது. வாட்டூ ஆலை பழைய ஈஸ்ட்டிலேயே செயின்ட் பெர்னார்டஸ் என்று தொடர்கிறது. மடாலயமோ வெஸ்ட்மாலேயிலிருந்து ஈஸ்ட் வாங்குகிறது. செறிவு ஏறக்குறைய ஒன்றுதான்: 10.2, 10 சதவீதம். ஈஸ்ட் வேறானால் வாசனையும் வேறாகும்.

உங்களால் பிரித்தறிய முடிகிறதா என்பதை முக்கோணச் சோதனையால் தெரிந்துகொள்ளுங்கள். ருசிக்காத ஒருவர் வேறு அறையில் ஊற்றட்டும். ஆளுக்கு மூன்று குவளை: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. ஒவ்வொன்றிலும் 50 மி.லி., ஒரே வெப்பநிலை, வண்டல் கலக்காமல். நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது. எவர்சில்வர் டம்ளர் இதற்கு அருமை. அடியில் எண் ஒட்டி, வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள் (ஆறு விதமாக அடுக்க முடியும்). கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘எது தனி?’ எது நல்லது என்று அப்போது கேட்கக் கூடாது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஆகவே ஆறு பேரில் ஐவராவது, எட்டுப் பேரில் அறுவராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு தெரிகிறது என்று கொள்ளலாம். இரண்டு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே வயதாக இருப்பது அவசியம். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது வயதை.

பல மடங்கு விலைக்கு வாங்காதீர்கள். மடாலயமே இணையத்தில் பதிவு செய்பவர்களுக்கு நியாய விலையில் விற்கிறது. மறுவிற்பனை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. எதிரே இருக்கும் ‘இன் டி ஃப்ரேடெ’ உணவகத்தில் உட்கார்ந்தும் குடிக்கலாம். அந்தப் பக்கம் போக முடியாவிட்டால் அப்ட் 12 வாங்குங்கள். தரம் குறைந்த பீர் குடிக்கிறோம் என்ற எண்ணமே வர வேண்டாம்.

கூஸ் பாட்டிலைத் திறந்தால் புளிப்பு மூக்கில் அடிக்கிறது. எது வரை இயல்பு, எப்போது கொட்டிவிடலாம்?
– வாசகி, லீல்

கூஸ் புளிக்க வேண்டிய பீர். பிரஸ்ஸல்ஸை ஒட்டிய சென் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் பாயோட்டன்லாந்திலும் குளிர்மாதங்களில் காய்ச்சிய தானியச் சாற்றை அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் விழுந்து, மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் நொதித்தால் லாம்பிக். ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்க விட்டால் கூஸ்.

நல்ல புளிப்பு லாக்டிக் அமிலம், புளித்த தயிர் போல நாக்கின் ஓரத்தில் வரும். அசிட்டிக் அமிலம் மூக்கைக் குத்தும், தொண்டையில் எரியும். முதலாவதோடு இரண்டாவது கொஞ்சம் கலந்திருப்பது இயல்பு. நகப்பூச்சு வாசம் தூக்கலாக வந்து, வாயுவும் இல்லாவிட்டால், கார்க் வழியே காற்று புகுந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள்.

இந்த இரண்டு புளிப்பையும் பிரித்தறிய, கான்டியோன் அல்லது ட்ரீ ஃபோன்டைனன் கூஸ் ஒன்றையும் ரோடன்பாக் கிராண்ட் க்ரூவையும் பக்கத்தில் வைத்து ருசியுங்கள். ரோடன்பாக்கில் பெரிய ஓக் தொட்டிகளில் இரண்டாண்டு முதிர்ந்த பீர் மூன்றில் இரண்டு பங்கு. வினிகர் சாயல் வேண்டுமென்றே இருக்கும். கூஸ் லேபிளில் ‘அவுட’ (பழைய) என்ற சொல்லைப் பாருங்கள். அது இல்லாத கூஸ் பலவற்றில் இனிப்பு சேர்த்திருப்பார்கள். 12 டிகிரி போதும். டிரிப்பெல், டுப்பெல் ருசிக்கும் நாளில் இதைச் சேர்க்காதீர்கள். அமிலம் பட்ட நாக்கில் அடுத்த பீர் எல்லாமே சப்பென்று ஆகிவிடும்.

செஸோன் டூப்பான் பீர் பாட்டிலில் மரநாய் வாசம் அடித்தது. ஏன்?
– வாசகர், மோன்ஸ்

வெளிச்சம். பச்சைப் பாட்டில் ஒளியை அவ்வளவாகத் தடுக்காது. ஹாப்பின் கசப்புப் பொருள் ஒளிபட்டு உடைந்து கந்தக வாசம் தரும். வெயிலில் சில நிமிடம் போதும், கடைக் குழல்விளக்கில் சில நாள். அலமாரியின் முன்வரிசையை விட்டு, மூடிய பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் 20 லிட்டர் விட்பீர் (கோதுமை சேர்த்த வெள்ளை பீர்) காய்ச்சினேன். கொத்தமல்லி விதை போட்டதில் இறைச்சி, செலரி வாசம் வந்துவிட்டது. என்ன செய்யலாம்? தொட்டுக்கொள்ள என்ன நல்லது?
– வாசகர், டொராண்டோ

விதை பழையது, அல்லது அதிக நேரம் கொதித்துவிட்டது. புதிய விதை 12–15 கிராம், காய்ச்சி முடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, வறுக்காமல் இரண்டாக உடையுமளவு மட்டும் இடித்துப் போடுங்கள், மாவாக்க வேண்டாம். கடையில் நீளவாட்டான, வெளிர்நிற இந்திய விதை கிடைத்தால் அதையே எடுங்கள், எலுமிச்சை மணம் கூடுதல். கசப்பு ஆரஞ்சுத் தோல் 15 கிராம். வெள்ளைப் பகுதி சேரக் கூடாது. 1966இல் ஹூகார்டனில் பியேர் செலிஸ் இந்த வகையை மீட்டபோதும் கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும்தான் அதன் அடையாளம்.

மிளகாய் வறுவல் வேண்டாம். வாயுவும் காரமும் சேர்ந்து எரிச்சல்தான் மிஞ்சும், கொத்தமல்லி மணம் காணாமல் போகும். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துப் பாருங்கள், பச்சை மிளகாயைப் பாதியாகக் குறைத்து.