பசியை அடக்கும் மூலிகை உடம்பைக் குறைக்குமா?

எடைக் குறைப்பு பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் சில.

எங்கள் கரட்டில் கள்ளிமுளையான் நிறைய உண்டு. சின்ன வயதில் ஒடித்துத் தின்றிருக்கிறோம். இப்போது அதையே கேப்சூலாக்கி ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்கிறார்கள். வாங்கலாமா? (பென்னாகரம்)

பசியை அடக்கும் என்று சொல்லப்படும் மூலிகைகளில் ஓரளவாவது ஆதாரம் உள்ளது இது. பெங்களூரில் 50 பேரிடம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு தினமும் ஒரு கிராம் சாறு, மறுபாதிக்கு வெறும் போலி கேப்சூல், இரண்டு மாதம். சாறு சாப்பிட்டவர்களுக்குப் பசி குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் எடையில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பசி குறைந்தும் எடை ஏன் இறங்கவில்லை? நாம் பசிக்காக மட்டுமா சாப்பிடுகிறோம்? நாலு மணி போண்டா, வீணாகிறதே என்று பிள்ளை தட்டிலிருந்து வழித்துச் சாப்பிடும் சோறு, இதெல்லாம் பசியால் வருவதில்லை. அங்கே எந்த மூலிகைக்கும் வேலை இல்லை.

கரட்டில் கிடைத்தால் புளியும் மிளகாயும் வைத்துத் துவையல் அரையுங்கள், காசு மிச்சம். அடையாளம் தெரியாதவர்கள் கண்ட கள்ளியை ஒடிக்க வேண்டாம். பால் வடிந்தால் அது கள்ளிமுளையான் இல்லை.

கொடம்புளி மாத்திரை எடையைக் குறைக்குமாமே? நம்மூர்ப் புளிக்கும் அந்தக் குணம் உண்டா? (காவேரிப்பட்டணம்)

நம் புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். கொடம்புளியில் இருப்பது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், அது வேறு. உடம்பு கொழுப்பு உண்டாக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது, எலிகளிடம் பலனும் தெரிந்தது. மனிதர்களிடம் வந்தபோதுதான் பிசுபிசுத்துப் போனது. 135 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்து அமெரிக்காவில் 1998இல் வெளியான ஆய்வில், போலி மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. இந்த மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. மீன் குழம்பில் போடும் இரண்டு சுளைக்குப் பயப்பட வேண்டாம்.

ஷிப்டில் கூட வேலை செய்யும் அக்கா '100% மூலிகை' என்று ஒரு பொடி கொடுத்தார். பசியே இல்லை, மூன்று வாரத்தில் 5 கிலோ இறங்கிவிட்டது. ஆனால் வாய் வறள்கிறது, தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது. பழகிவிடுமா? (ஓசூர்)

பழக விடாதீர்கள், இன்றே நிறுத்துங்கள். மூலிகைப் பொடி இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்றால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். நீங்கள் சொல்லும் மூன்று தொந்தரவும் சிபுட்ரமின் என்ற ஆங்கில மருந்துக்குப் பொருந்துகின்றன. பசியை நன்றாகவே அடக்கும். ஆனால் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுகிறது என்று தெரிந்து 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கினார்கள், 2011இல் இந்தியாவும் தடை செய்தது. அதற்குப் பிறகும் பல நாடுகளில் 'மூலிகை' டப்பாக்களுக்குள் அது பிடிபட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் பொடியில் இருப்பது அதுதானா என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

பாக்கெட்டோடு அரசு மருத்துவமனைக்குப் போய் பிரஷரும் ஈசிஜியும் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரி, உரிம எண் இருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அக்காவிடமும் சொல்லுங்கள், அவரும் அதைத்தானே சாப்பிடுகிறார்.

சிறுகுறிஞ்சான் இலை மென்றால் இனிப்பே தெரிவதில்லை. எடை குறைய உதவுமா? சுகர் மாத்திரை போடுகிறேன். (அரூர்)

நாக்கில் இனிப்பு சிறிது நேரம் தெரியாது, உண்மைதான். அந்த நேரத்தில் மைசூர்பாகு பக்கம் கை போகாது, அவ்வளவே. மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் தொடர வேண்டாம்.

குழந்தைக்கு 5 மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். பசி அடக்கும் பொடி சாப்பிடலாமா? (ஊத்தங்கரை)

கூடாது. பால் கொடுக்கும்போது பசிக்கத்தான் செய்யும்.

சோற்றை விட்டுக் களிக்கு மாறினால் எடை குறையுமா? (பாலக்கோடு)

ராகியும் அரிசியும் கலோரியில் கிட்டத்தட்ட ஒன்று. 100 கிராம் ராகியில் 320, அரிசியில் 350 சொச்சம். ஆனால் ராகியில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. அதனால் வயிறு சீக்கிரம் நிறையும், அடுத்த பசி தள்ளிப்போகும். கேப்சூல்காரர்கள் சொல்லும் வேலையைக் களி கொஞ்சம் செய்கிறது. ஒரு உருண்டையோடு நிறுத்தி, கீரைக் கடைசலோ கொள்ளுச் சாறோ தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். மூன்று உருண்டையும் கறிக்குழம்பும் என்றால் கணக்கு வேறு.