வரி வாங்காத ஊர்

அன்புள்ள அக்கா,

பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன், சட்டக் கல்லூரி மாணவன். முஸ்லிம் குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் ஷரியத் கவுன்சில் கொடுக்கும் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) சான்றிதழ் செல்லாது என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைப் பற்றி வகுப்பில் விவாதம் நடந்தது. ஜமாத், சர்ச், கோயில் கமிட்டி என்று மதத்தின் பெயரால் நடக்கும் பஞ்சாயத்து அத்தனையையும் அரசு ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன? கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2006இல் செய்தார்களே. படிப்பறிவில்லாத பெண்கள்தானே இங்கெல்லாம் போய் ஏமாறுகிறார்கள்? பொது சிவில் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

பொது சிவில் சட்டத்தை விடுங்கள். எந்தச் சட்டப் புத்தகம் வந்தாலும் யார் வீட்டுச் சாவுக்கு யார் வருவார்கள் என்பது அதில் இருக்கப்போவதில்லை. ஒண்டாரியோவில் நீங்கள் நினைப்பது போல யாரையும் பூட்டிவைக்கவில்லை. குடும்ப விவகாரத்தில் கனடா சட்டப்படி அல்லாத மத்தியஸ்தத் தீர்ப்புக்குச் சட்ட பலம் கிடையாது என்றார்கள், அவ்வளவுதான். இமாமிடமோ யூத குருவிடமோ யோசனை கேட்பவர்கள் இன்றும் கேட்கலாம்.

ஆனால் ‘படிப்பறிவில்லாத பெண்கள்’ என்று எழுதினீர்களே, சட்டம் படிக்கிற பிள்ளை எழுதுகிற வாக்கியமா அது? குடும்ப நீதிமன்ற வராண்டாவில் ஒரு நாள் போய் உட்காருங்கள். லீவு போட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்து, மத்தியானம் வரை பெயர் கூப்பிடக் காத்திருந்து, வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு போகிற பெண்களில் டிகிரி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கத்துத் தெருவில் இருக்கிறது, வக்கீல் ஃபீஸ் இல்லை, சீக்கிரம் முடியும். கணக்குப் போட்டுத்தான் போகிறார்கள்.

அந்த 2023 தீர்ப்பை முழுசாகப் படித்தீர்களா? வழக்குப் போட்டவர் கணவர். மனைவி 2017இல் வாங்கிய சான்றிதழை ரத்து செய்யச் சொல்லித்தான் வந்தார். பெண்ணுக்குக் குலா கேட்கும் உரிமை உண்டு, ஆனால் அதற்குக் குடும்ப நீதிமன்றம் போக வேண்டும் என்று சொல்லி நீதிபதி சி. சரவணன் அதை ரத்து செய்தார். சட்டப்படி சரி. அந்தப் பெண் மட்டும் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். 2016இலேயே, சென்னை அண்ணா சாலை மக்கா மசூதி ஷரியத் கவுன்சில் வழக்கில், வழிபாட்டிடங்களில் நீதிமன்றம் போல எதுவும் நடக்கக் கூடாது என்று அதே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கும் முன்பு, 2014இல், ஃபத்வாவுக்குச் சட்ட பலம் இல்லை, யார் மீதும் திணிக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, திணிக்கக் கூடாது. திணிப்பது எப்படி நடக்கிறது என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்டார்களா?

என் அப்பாவுக்கு யாரும் தீர்ப்பு எழுதிக் கொடுக்கவில்லை. வாய்க்கால் ஓரத்து இடம் ஒன்றில் பங்காளியோடு தகராறு. அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் சொன்னதை ஏற்காமல் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். அந்த வருஷக் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி கொடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். கணக்கு எழுதுகிறவர் நோட்டில் எங்களுக்கு மேலே இருந்த பெயரை வாசித்தார், அடுத்து எங்களுக்குக் கீழே இருந்த பெயரை வாசித்தார். அப்பா நீட்டிய பணத்தைப் பார்த்து, “வச்சுக்கிடுங்க, அப்புறம் பாப்போம்” என்றார். பணம் மிச்சம்தானே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். வரி வாங்கவில்லை என்றால் அந்த ஊரில் நாங்கள் ஒரு குடும்பமே இல்லை என்று அர்த்தம். ஆச்சி இறந்தபோது அம்மா பிறந்த ஊரில் இருந்து மாமாக்கள் வந்துதான் தூக்கினார்கள். கேஸில் அப்பா ஜெயித்தார். ஜெயித்த இடத்தைப் பங்காளிக்கே எழுதிக் கொடுத்தார். அடுத்த கொடைக்கு வரி வாங்கிக்கொண்டார்கள்.

எந்தக் கோர்ட் தடை போட்டு இதை நிறுத்தும்? ஜமாத்தில் இது கல்யாணத்துக்குத் தர வேண்டிய தடையில்லாக் கடிதம், கபர்ஸ்தானில் இடம். சர்ச்சில் கல்யாண ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிப்பது, கல்லறை. பஞ்சாயத்தைக் கலைத்தாலும் அந்தக் கடிதமும் நோட்டும் அதே ஆட்கள் கையில்தானே இருக்கும்?

பம்பாய் மாகாணம் 1949இலேயே இதைப் பிடித்தது. சமூக விலக்கைத் தடை செய்து சட்டம் போட்டது. தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தின் தலைவர் தொடுத்த வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஐந்து நீதிபதிகளில் தலைமை நீதிபதி சின்ஹா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வி 2023இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. இதற்கிடையில் மகாராஷ்டிரா, சாதிப் பஞ்சாயத்துகளை மனதில் வைத்து, 2016இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு வேண்டியது அப்படி ஒன்றுதான். கூடவே, கடிதம் தர மறுப்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பஞ்சாயத்தில் என்ன பேசினார்கள் என்பதன் நகல் அங்கே போன பெண்ணின் கையில் இருக்க வேண்டும். அப்புறம் யார் யாரிடம் வேண்டுமானாலும் யோசனை கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரேயடியாகத் தடை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தேர்வுக்கு முன்பு சின்ஹாவின் மாறுபட்ட தீர்ப்பைப் படித்துவிடுங்கள். விலக்கிவைப்பதைத் தீண்டாமையோடு சேர்த்துப் பார்க்கிறார். படித்துவிட்டு எழுதுங்கள், இந்தத் தடவை பெயரோடு.

அன்புடன்,
அக்கா