ஜன்னல் வேர்ப்பதும் சுவர் நனைவதும்: மேசன் பாஸ் பதில்கள்

நுவரெலியா: அண்ணே, விடிந்தால் ஜன்னல் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வடிகிறது. கண்ணாடியை மாற்றவா?

கண்ணாடி என்ன செய்யும் பாவம்! வீட்டுக் காற்றில் இருக்கும் ஈரம், அறையில் ஆகக் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படிகிறது. ஜனவரி, பெப்ரவரியில் உங்கள் பக்கம் புல்லிலேயே உறைபனி விழும். சோறு வெந்த ஆவி, குளித்த ஆவி, ராத்திரி முழுக்க விட்ட மூச்சு எல்லாம் கண்ணாடிக்குத்தான் போகும். கேஸ் அடுப்பும் தண்ணீர் விடும் என்பது பலருக்குத் தெரியாது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்வதற்குள் ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணீர் ஆவியாகக் கிளம்பிவிடும். சமைக்கும்போது குசினியின் உள்கதவைச் சாத்தி, வெளி ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஹட்டன்: கரிச்சட்டி வைத்தால் அறை காயுமா?

வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் காபனோரொக்சைட்டு வரும். அதற்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

தலவாக்கலை: மூடுபனியில் ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம்தானே வரும்?

அப்படித்தான் தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. 12 பாகையில் ஈரம் நிறைந்த காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால், ஈரப்பதன் 60 வீதமளவுக்கு இறங்கிவிடும்.

மறுபடி தலவாக்கலை: எங்கள் லயக் காம்பராவில் ஏது அண்ணே 20 பாகை? 16 இருந்தால் பெரிசு.

சரியான கேள்வி. 16 பாகை என்றால் 80 வீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும், லாபம் கொஞ்சம்தான். பனித்துளியே உள்ளே மிதந்து வந்தால் அதுவும் போச்சு. அதனால் பனி விலகி வெயில் வந்த பிறகு நன்றாகத் திறந்து விடுங்கள். சமைக்கும் நேரம் மட்டும் விதிவிலக்கு: அடுப்பு ஆவி வெளிப்பனியை விட மோசம், எந்தப் பனியிலும் திறக்கலாம்.

பண்டாரவளை: சுவரே நனைகிறது. உள் ஆவியா, வெளி ஈரமா?

சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பொலித்தீன் துண்டை நாலு ஓரமும் டேப்பால் ஒட்டுங்கள். ஓரிரு நாளில் அறைப்பக்கம் தண்ணீர் கோர்த்தால் வீட்டு ஆவி. சுவர்ப்பக்கம் கோர்த்தால் ஈரம் சுவர் வழியாக வருகிறது. அப்படியென்றால் வெளிப்பூச்சையும் பீலியையும் பாருங்கள்.

மஸ்கெலியா: மழை விடவில்லை, உள்ளேதான் துணி காய்கிறது.

ஒரே அறையில் போடுங்கள். உள்கதவு மூடி, ஜன்னல் திறந்து.

ராகலை: தகரக் கூரை ஒழுகுகிறது.

அது கூரை பாஸின் வேலை.

அப்புத்தளை: கண்ணாடியை மாற்றினால் சரியாகுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஹட்டன்: கரிச்சட்டியை மூலையில், அரை மணி நேரம் மட்டும்…

இல்லை!