எச்.டி.எல். 34 தான் இருக்கிறது, மாரடைப்பு வருமா? எதைச் சாப்பிட்டால் ஏறும்?

நீங்கள் கொடுத்திருக்கும் எண்கள்: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். (‘நல்ல கொலஸ்ட்ரால்’) 34, எல்.டி.எல். (‘கெட்ட கொலஸ்ட்ரால்’) 108, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு கொழுப்பு) 240. ஆண், வயது 42. நீங்கள் 34-ஐப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் எனக்கோ 240 தான் கண்ணை உறுத்துகிறது.

எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்குக் கீழே, பெண்களுக்கு 50-க்குக் கீழே என்றால் குறைவுதான், மறுக்கவில்லை. எச்.டி.எல். குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு 1977-லேயே சொன்னது. அப்படியானால் மருந்து கொடுத்து ஏற்றிவிடலாமே என்று டார்செட்ராபிப் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். எச்.டி.எல். சுமார் 72 சதவீதம் ஏறியது. ஆனால் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே இறப்பும் கூடியது. 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையோடு, எச்.டி.எல்.லை ஏற்றும் நியாசினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததிலும் மாரடைப்பு குறையவில்லை. ஆகவே ‘நல்ல கொலஸ்ட்ராலை ஏற்றும் பொடி’ என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

டிரைகிளிசரைடு மிகும்போது அது எச்.டி.எல். துகளுக்குள் புகுந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றிவிடும். அப்படி மாறிய துகளை உடல் சீக்கிரம் அழித்துவிடும். உங்கள் 34-க்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, அந்த 108 நேரடியாக அளந்தது அல்ல என்றே நினைக்கிறேன். 190-இல் 34-ஐயும், 240-இல் ஐந்தில் ஒரு பங்கான 48-ஐயும் கழித்தால் சரியாக 108 வருகிறது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அத்தகைய ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால், இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டிய சீரம் பல சமயம் கழுநீர்போலக் கலங்கி நிற்கும். உங்களுடையது அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் 190-இல் 34 போக மீதி, அதாவது எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால், 156. இதை 130-க்குள் வைக்கச் சொல்வதுதான் பொதுவான வழக்கம்.

மாரடைப்பு வருமா என்பதை ஓர் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி, குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்ற விவரம், இவற்றோடு மருத்துவரைப் பாருங்கள். புகைப்பழக்கம் இருந்தால் அதை விடுவதுதான் முதல் வேலை, எச்.டி.எல்.லும் சற்று ஏறும். மதுவையும் இனிப்பையும் நிறுத்தி, சோற்றின் அளவைக் குறைத்து, தினமும் வேகமாக நடந்தால் டிரைகிளிசரைடு இறங்கும். மறுபடி சோதிக்கும்போது முந்தைய இரவு கல்யாண விருந்து வேண்டாம்; பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வாருங்கள், தண்ணீர் குடிக்கலாம்.